தவறணை வாங்கில் ஒரு பிற்பகல்

ஜேம்ஸ் ஜோய்ஸ் எழுதிய 'யூலிசிஸ்' நாவலைப் பதினைந்து நிமிடத்தில் அறிமுகஞ் செய்வது ஆகாத காரியம் என்று இந்த இலக்கியத் தொடரைத் தயாரிப்பவரிடம் முதலிலேயே சொன்னேன். "அப்ப ஒரு காட்சியை மட்டும் எடுத்துச் சொல்லுங்கோ மாஸ்ரர்" என்றார் அவர். நான் எடுத்துக்கொண்டது, டப்ளின் நகரத்து மதுக்கடையொன்றில் ஒரு மனிதன் மத்தியான வேளையில் தனியே இருந்து பாணும் பாற்கட்டியும் தின்று ஒரு கிளாஸ் திராட்சை மது அருந்தும் காட்சி. பேச்சு சென்ற கிழமை ஒலிபரப்பாகியது. இப்பகுதிக்காக அதனை எழுத்தில் தரலாமென்று உட்கார்ந்தபோது, வானொலியிற் சொல்லாமல் விட்டதொன்று உறுத்திற்று. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

'யூலிசிஸ்' 1922ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி பாரிஸ் நகரில் வெளிவந்தது. கதை நிகழ்வது 1904 யூன் 16 என்ற ஒரே நாளில். பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரிக்கும் லியோபோல்ட் புளூம் என்பவன் அன்று டப்ளின் வீதிகளில் அலைந்து திரிகிறான். ஹோமர் பாடிய ஒடிசியூஸ் கடல்களில் அலைந்தான். இவன் தெருக்களில் அலைகிறான். நாவலின் எட்டாம் பகுதிக்கு மூலக்கதையில் ஒத்தது நரமாமிசம் உண்ணும் அரக்கர் நாடு. ஆகவே அப்பகுதி முழுவதும் சாப்பாட்டு வாடை. பசியோடு வரும் புளூம் முதலில் ஓர் உணவகத்தினுள் நுழைகிறான். அங்கே ஆண்கள் வாய் நிறைய அள்ளித் திணித்து மென்று விழுங்குவதைப் பார்த்ததும் வயிற்றைக் குமட்ட, வாசலோடு திரும்பிவிடுகிறான். பிறகு டியூக் வீதியிலுள்ள டேவி பேர்ன் என்பவரின் மதுக்கடைக்குப் போகிறான். கடை ஒழுங்கானது, உரிமையாளர் வீண்பேச்சு பேசாதவர் என்பது அவன் எண்ணம். கொர்கொன்சோலா என்ற இத்தாலியப் பாற்கட்டி வைத்த பாண் துண்டும் பேர்கண்டி மது ஒரு கிளாசும் கேட்டு வாங்குகிறான்.

அவ்வளவுதான் நிகழ்ச்சி. சண்டையில்லை, வெறியில்லை. யன்னற் கண்ணாடியில் இரண்டு ஈக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மது நாவிற் பட்டு உடம்பு இளகும்போது, ஹௌத் என்ற கடலோரக் குன்றில் ஒருகாலத்தில் தன் மனைவி மொலியோடு இருந்த பொழுது அவன் நினைவில் வருகிறது. அன்று பிற்பகலே அவள் வேறொருவனை வீட்டில் எதிர்பார்த்திருக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரியும். நினைத்தாலே களிப்புத் தருவதனாற் காமம் கள்ளைவிட இனியது என்று வள்ளுவர் சொல்லும் 1201ஆம் குறளுக்கு இதைவிடப் பொருத்தமான உரையை நான் கண்டதில்லை. இன்றும் யூன் 16இல் இலக்கிய அன்பர்கள் அந்தக் கடைக்குப் போய் அதே பாண் துண்டையும் அதே மதுவையும் கேட்டு வாங்கி உண்கிறார்கள். கற்பனைப் பாத்திரமொன்றுக்கு எடுக்கும் திவசம் என்று ஒரு நண்பர் பகிடி பண்ணினார்.

வானொலிக்காக இதனைத் தமிழில் எழுதும்போது முதல் இடறல் 'பப்' என்ற சொல்லில் வந்தது. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் குறுக்கம் அது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தாற் 'பொதுமனை' என்றாகும். அயர்லாந்தின் சிற்றூர்கள் பலவற்றில் பலசரக்குக் கடையும் மதுக்கடையும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. முன்பக்கம் சீனியும் தேயிலையும், பின்பக்கம் கறுப்பு நிறத்துப் பியர். அங்கே ஊர் கூடும், செய்தி பரவும், பாட்டு நடக்கும். 'ஐரிஷ் ரைம்ஸ்' நாளிதழின் ஆசிரியராக 1934 முதல் 1954 வரை இருந்த ஸ்மைலி என்பவர், டப்ளினிலுள்ள 'பலஸ் பார்' எனும் மதுக்கடையில் எழுத்தாளர் புடைசூழ இருப்பது அந்நாளில் எல்லோரும் அறிந்த காட்சி. நம்மூர் இலக்கியக்காரருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். நமது 'பலஸ் பார்' யாழ்ப்பாண நகரத்திலிருந்த ஒரு சலூன். டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை'யைத் தொடக்கியபோது சவரக் கத்தியும் அச்சுப்பிரதியும் ஒரே மேசையிற் கிடந்தன. எங்கள் கொக்குவிலிலோ சுருட்டுக் கொட்டில்கள். புகையிலையைச் சுற்றும் கைகள் ஓயாதிருக்க, ஒருவர் பத்திரிகையையும் கதைப் புத்தகத்தையும் உரக்க வாசிப்பார். பள்ளிக்கூடம் போகாத பலர் அந்தக் கொட்டில்களிலேதான் இலக்கியம் கேட்டு வளர்ந்தனர்.

அயர்லாந்து யாழ்ப்பாணத்துக்கு அந்நிய நாடுமன்று. புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த லோங் அடிகளார் அயர்லாந்துக்காரர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் எழுச்சிக்கு அவர் பட்ட பாடு பெரிது. அயர்லாந்தார் எங்களுக்குத் தந்தது பொதுமனையன்று, பொது நூலகம். 1838இல் கோர்க் நகரில் முழு மதுவிலக்கு இயக்கத்தைத் தொடக்கி, இலட்சக்கணக்கானோரைச் சத்தியம் பண்ணவைத்த மத்தேயு அடிகளாரும் அந்நாட்டவரே. ஆகவே குடிக்கும் அயர்லாந்தோடு குடிக்கவேண்டாம் என்ற அயர்லாந்தும் உண்டு. எங்களிடம் வந்துசேர்ந்தது பெரும்பாலும் இரண்டாவது.

பொதுமனைக்கு எங்கள் சொல் என்ன? 'பார்' என்று இன்றைய இளைஞர் சொல்வர். ஆனால் யாழ்ப்பாணத்துக்கென்று நானூறு வருடப் பழமையுள்ள சொல்லொன்று இருக்கிறது: தவறணை. 'தவேர்னா' என்ற போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி 1658 வரை ஆண்டவர்கள் விட்டுப்போன சொற்களிற் கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் எல்லாம் எங்கள் விறாந்தைக்கு வந்து மரியாதையாகக் குந்திக்கொண்டன. தவறணையில் கிடக்கும் 'வாங்கு'கூட அவர்களுடையதுதான். பள்ளிக்கூடத்திலும் அதே வாங்கு கிடக்கிறது. தவறணை என்ற சொல் மாத்திரம் படலைக்கு வெளியே நின்றுவிட்டது. அதன் ஒலியில் 'தவறு' இருப்பதை வைத்து ஒழுக்கம் போதித்த ஆசிரியரிடமும் நான் படித்திருக்கிறேன். சொற்பிறப்பு நோக்கில் அது பிழை. ஆனால் மாணவருக்கு மறக்காது.

பழந்தமிழ் இலக்கியத்துக்கு இக்கூச்சம் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் அசைந்த கொடிகளை வரிசைப்படுத்தும் பட்டினப்பாலை, கள் விற்குமிடத்துக் கொடியையும் அவ்வரிசையிலே சேர்க்கிறது. மதுரைக்காஞ்சியிலும் அக்கொடி உண்டு. பெரும்பாணாற்றுப்படை அரிசியிலிருந்து கள் சமைக்கும் பக்குவத்தை ஒரு சமையற் குறிப்புப்போலச் சொல்லுகிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியனுக்கு வாழ்த்தாகவே கூறுகிறார் நக்கீரர். அவன் அருந்தியதும் புளூம் அருந்தியதும் கடல்கடந்த திராட்சை மதுவே. இவை எல்லாவற்றிலும் மேலானது 235ஆம் பாட்டு. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியது. கள் சிறிதளவே கிடைத்தால் அவன் அதைத் தனக்கென வைத்துக்கொள்ளாமற் புலவருக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தாற் புலவர் உண்டு பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான். அரசனையும் பாட்டுக்காரியையும் ஒரு வாங்கில் இருத்திய பாட்டு அது. ஒவ்வொரு வருடமும் இதனை வகுப்பிற் படிப்பிக்கிறேன். படிப்பித்து முடிந்ததும், 'அக்காலத்துக் கள் வேறு, இக்காலத்துக் கள் வேறு' என்று ஒரு வசனமும் சேர்த்துக்கொள்வேன். எப்படி வேறென்று ஒரு பிள்ளையும் இதுவரை கேட்டதில்லை.

வள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாக வைத்தார். அது பொருட்பாலில் இருக்கிறதே தவிர அறத்துப்பாலில் இல்லை என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. நாவலர் பெருமான் பாலபாடத்திற் கள்ளுண்ணலைக் கொலை, களவு முதலியவற்றோடு வைத்துக் கண்டித்தார். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத் தமிழ் நாவலர் வழியில் வந்தது. அவ்வழியில் வந்த தமிழ்தான் என்னுடையதும். குடியாற் சீரழிந்த வீடுகளை எங்கள் ஒழுங்கைகளிற் கண்டவன் என்ற முறையில், நாவலர் சொன்னது பிழையென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் குடியை விலக்கியவர்கள் குடிக்குமிடத்தையும் அங்கிருந்த மனிதரையும் சேர்த்தே எழுத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். பனையில் ஏறியவனை வாசகன் பார்க்க வெகுகாலம் பிடித்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது.

இனி நான் வானொலியில் விட்ட விஷயம்.

பேச்சைத் தயாரிக்கும்போது, ஒத்திகை பார்ப்பதுபோல உயர்தர வகுப்பில் டேவி பேர்ன் காட்சியைச் சொன்னேன். அதன் மறுபாதியையும் சொன்னேன். நாவலின் பன்னிரண்டாம் பகுதியில், பிற்பகல் ஐந்து மணிபோல, புளூம் இன்னொரு மதுக்கடைக்குப் போகிறான். பார்னி கீர்னன் என்பவருடையது. அங்கே அவன் குடிக்கப் போகவில்லை. ஒருவரைத் தேடிப் போகிறான். குடிக்கச் சொல்லி வற்புறுத்த, மறுத்து, ஒரு சுருட்டு மட்டும் வாங்கிக்கொள்கிறான். (கொக்குவிற் பிள்ளைகள் இவ்விடத்திற் சிரித்தனர்.) கூடியிருப்போருக்கு அவன் மேல் முன்பே ஓர் இளக்காரம், அவனுடைய தகப்பன் ஹங்கேரியிலிருந்து வந்த யூதன். குதிரைப் பந்தயத்தில் அவன் பணம் வென்றதாக ஒரு பொய்க்கதை பரவ, வென்றும் ஒருவருக்கும் வாங்கிக் கொடுக்காத கஞ்சன் என்று கறுவுகின்றனர். உன் தேசம் எதுவென்று ஒருவன் கேட்க, அயர்லாந்து, நான் இங்கேதான் பிறந்தேன் என்கிறான் புளூம். முடிவில் தேசாபிமானி ஒருவன் பிஸ்கற் தகரத்தைத் தூக்கி அவன் மேல் எறிகிறான். பொதுமனை என்று பெயர். ஆனால் யார் பொது என்பதை வாங்கில் இருப்பவர்கள் தீர்மானிக்கின்றனர்.

வகுப்பில் ஒரு மாணவி நூலகத்திலிருந்து டானியலின் நாவலொன்றை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தவள். எழுந்து கேட்டாள்: "எங்கட தவறணையிலை எல்லாரும் ஒரு வாங்கிலையா சேர் இருந்தவை?"

எனக்குத் தெரியவில்லை. தமிழ்ச் சிறப்புப் பட்டதாரி, சங்ககாலக் கள்ளின் வகைகளையெல்லாம் பெயர் சொல்லக்கூடியவன், நாற்பது வயது கடந்தவன். ஒரு தவறணைக்குள் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் மற்றக் கரையாற் சைக்கிளை விடுகிறவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிபோலப் போனேன். பங்குனி மாதம், பனங்கள் இறங்குங் காலம். பக்கத்து ஊர், பெயர் வேண்டாம். 1970களிற் சீவற் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் கையேற்ற தவறணைகளில் ஒன்று. சீமெந்து நிலம், தகரக் கூரை, இரண்டு நீள வாங்கு, கம்பி வலைக்குப் பின்னால் கணக்குக் கொப்பியோடு ஒரு முகாமையாளர். சுவரிலே விலைப்பட்டியல். போத்தலிற் கள், குடிக்கப் பிளாஸ்ரிக் கோப்பை. ஒரு மூலையிற் பொரித்த மீனும் அவித்த கடலையும் விற்கும் அம்மா. பத்துப்பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள். உள்ளே நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. நான் படிப்பித்த பையன் ஒருவன், இப்போது மேசன் வேலை, கோப்பையை வாங்குக்குக் கீழே மறைத்தான். இன்னொருவர் எழுந்து இடம் விட்டார். ஒருவர் எழ, வாங்கு முழுவதும் எழுந்தது.

"சேர் ஆரையும் தேடி வந்தனீங்களோ?" என்று முகாமையாளர் கேட்டார்.

பார்னி கீர்னன் கடைக்கு ஆளைத் தேடிப் போன புளூம் நினைவுக்கு வந்தான். எனக்கு எவரும் தகரம் எறியவில்லை; மரியாதை தந்தார்கள். வாங்கு காலியாயிருந்தது, நான் தனியே இருந்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "பிளா ஒண்டு பாக்க வந்தனான்" என்று சொல்லிவிட்டேன். அது உண்மையுமன்று, முழுப் பொய்யுமன்று.

அதைக் கேட்டுச் சிரித்தவர் சுவரோரம் நிலத்திற் குந்தியிருந்த முதியவர். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மரத்தை அணைத்து ஏறி ஏறி நெஞ்சிலும் கைகளிலும் தோல் காய்ந்து தடித்திருந்தது. வெளியே போய் ஓர் ஓலையோடு வந்து, இரண்டு நிமிடத்தில் மடித்துக் கோலித் தோணிபோல ஒரு பிளாவைச் செய்து என் கையில் தந்தார். கூழ் குடிக்கவும் இதுதான் என்பதால் இளந்தலைமுறையில் சிலருக்கு இதன் பெயராவது தெரியும். இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கவேண்டும். கள் உள்ளவரை கீழே வைக்க முடியாது. குடித்து முடிந்தால் எறிந்துவிடலாம். கழுவ வேண்டியதில்லை, அடுத்தவனுக்குக் கொடுக்கவேண்டியதுமில்லை.

அப்போதுதான் அது எனக்கு விளங்கியது. தேநீர்க் கடைகளிற் கண்ணாடிக் கிளாஸ் இருந்தது. ஒருவர் வாய் வைத்த கிளாஸில் மற்றவரும் வாய் வைக்கவேண்டும். அதனாலேதான் அங்கே ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் புறம்பான பாத்திரம், புறம்பான இடம், பிறகு போராட்டம். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் போதாமல், 1960களின் இறுதிவரை தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழைவதற்கு இரத்தம் சிந்தவேண்டியிருந்தது. கள்ளுக்கோ ஓலைப் பிளா. ஆளுக்கொன்று, குடித்ததும் குப்பை. தீட்டென்று சொல்ல அங்கே பாத்திரமே இல்லை. எந்தக் கையிலிருந்து தண்ணீர் வாங்கமாட்டார்களோ அந்தக் கை இறக்கிய கள்ளைக் குடிக்க ஓலை வழிசெய்து கொடுத்தது.

முதியவர் என் ஊரையும் ஒழுங்கையையும் விசாரித்தார். சொன்னேன். என் பேரனாரின் பெயரை அவரே சொன்னார்.

"அவர் பின்னேரங்களிலை எங்கட வளவுக்கு வாறவர். பனங்குத்தி ஒண்டு கிடக்கும், அதிலை இருந்து குடிப்பார். நல்ல மனிசன் மாஸ்ரர், ஒருநாளும் கடன் வச்சதில்லை. நான் அப்ப சின்னப் பெடியன். பிளாக் கோலிக் குடுக்கிறது நான்தான்."

பேரனார் குடித்தவர் என்பது எங்கள் வீட்டில் ஒருநாளும் பேசப்படாத விஷயம். விபூதிப் பூச்சோடு சுவரிலே படமாகத்தான் அவரை எனக்குத் தெரியும். நான் கேட்டேன்: "உங்கட ஐயா எங்கட வீட்டை வாறவரோ?"

"வருவார். மரம் சீவ வளவுக்குள்ளை வரத்தானே வேணும்."

"வந்தால்?"

அவர் கையிலிருந்த ஓலைத் துண்டைக் கிழித்துக்கொண்டிருந்தார். "கிணத்தடிக்குப் போகேலாது. தண்ணி விடாய்ச்சால் கேக்கவேணும். அள்ளிக்கொண்டு வந்து வாப்பினம். கையை ஏந்தவேணும்." குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. மழை எந்த மாதம் பெய்யும் என்பதைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "குடியுங்கோ மாஸ்ரர், புளிக்கப் போகுது" என்றார்.

குடித்தேன். இலேசான இனிப்பும் அதன் மேலே ஒரு புளிப்பும்; ஓலையின் பச்சை மணம். என்னுடைய பழைய மாணவன் வாங்குக்குக் கீழிருந்த கோப்பையை மெல்ல எடுத்தான். எழுந்து நின்றவர்களில் இரண்டு பேர் வாங்கின் மற்ற நுனியில் வந்து இருந்தார்கள். முதியவரையும் வாங்கில் வந்து இருக்கச் சொன்னேன். "இதிலைதான் எனக்குச் சுகம்" என்று நிலத்தைத் தட்டிக் காட்டினார்.

வீடு திரும்பும்போது டானியலின் இன்னொரு நாவலின் பெயர் 'தண்ணீர்' என்பதும், டொமினிக் ஜீவாவுக்குச் சாகித்தியப் பரிசு வாங்கிக் கொடுத்த சிறுகதைத் தொகுதி 'தண்ணீரும் கண்ணீரும்' என்பதும் மனதில் வந்தன. ஜோய்ஸ் திராட்சை மதுவை எழுதினார், ஔவையார் கள்ளை எழுதினார். எங்களவர்களுக்கு எழுத வேண்டியிருந்தது தண்ணீரை. இவ்வளவையும் வானொலியிற் சொல்லலாமென்றுதான் எழுதிவைத்திருந்தேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டி அடுத்ததற்குப் போய்விட்டேன். பேரனாரின் படத்துக்குக் கீழே இன்னமும் விளக்கு வைக்கும் வீடு எங்களுடையது.

திங்கட்கிழமை அந்த மாணவி காத்திருந்தாள். எல்லாரும் ஒரு வாங்கில் இருந்ததில்லை என்றும், பிளா என்ன வேலை செய்தது என்றும், பேரனார் பனங்குத்தியில் இருந்து குடித்ததையும், சீவ வந்தவர் கையை ஏந்தியதையும் அவளுக்குச் சொன்னேன். கொப்பியிற் குறித்துக்கொண்டு வந்தவள் பேனையை நிறுத்தினாள்.

"தண்ணி வாத்தது ஆர் சேர்?"

"என்ரை பேத்தியார்" என்றேன்.